ரும்ட்சேயிலிருந்து சோ மோரிரி வரை: குதிரைகளோடு ஒரு வார நடை - அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லடாக்கின் தென்கிழக்கே ருப்ஷு என்றொரு மேட்டுநிலம். திபெத்தின் சாங்தாங் பீடபூமி இந்திய எல்லைக்குள் நீளும் பகுதி இது. மரம் கிடையாது, ஊர்களும் மிகக் குறைவு. பஷ்மினா ஆடும் யாக்கும் மேய்க்கும் சாங்பா மக்கள் கூடாரங்களில் வாழும் இடம். லே-மணாலி சாலையில் உள்ள ரும்ட்சேயில் தொடங்கி, சோ கார் ஏரியைத் தொட்டு, சோ மோரிரி ஏரிக்கரையில் உள்ள கோர்சோக்கில் முடியும் ஏழு நாள் நடை பற்றியே இங்கே பேசுகிறோம். சுமை முழுவதும் குதிரை முதுகில் போகும். வழிகாட்டி, சமையல்காரர், குதிரைக்காரர் மூவரும் உடன் வருவார்கள்.

நான் குதிரையில் ஏறிப் போவேனா, நடக்க வேண்டுமா?

நடக்க வேண்டும். குதிரைகள் கூடாரம், அரிசி, அடுப்பு, உங்கள் பை ஆகியவற்றைச் சுமக்கத்தான். சவாரிக்குத் தனிக் குதிரை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி, தனிக் கட்டணம் கொடுத்து ஏற்பாடு செய்துகொள்ளலாம். அப்போதும் முழுத் தூரமும் சேணத்தில் உட்கார்ந்தே போக முடியாது. செங்குத்தான இறக்கங்களிலும் கற்சரிவுகளிலும் எல்லோரும் இறங்கி நடந்தாக வேண்டும். உடல் எடை 80 கிலோவைத் தாண்டினால் குதிரைக்காரர் தயங்குவார். 5,000 மீட்டருக்கு மேல் மூச்சு வாங்குவது உங்களுக்கு மட்டுமல்ல என்பதால் அந்தத் தயக்கம் நியாயமானதே.

சவாரிக் குதிரை எடுக்காத குழுவும் சுமையில்லாத ஒரு குதிரையைக் கூடுதலாக அழைத்துச் செல்வது நல்லது. கணுக்கால் பிசகியவரைச் சாலைவரை கொண்டு சேர்க்க இந்தப் பகுதியில் வேறு வாகனம் கிடையாது.

எத்தனை குதிரைகள் தேவைப்படும்?

பயணிகள் நான்கு பேர், பணியாளர்கள் மூன்று பேர், எட்டு நாளுக்கான பொருள் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். பயணிகளின் பைகள் தலைக்கு 13 கிலோ வீதம் 52. தூங்கும் கூடாரங்கள், சமையல் கூடாரம், சாப்பாட்டுக் கூடாரம், கழிப்பறைக் கூடாரம் எல்லாம் சேர்ந்து 43. பாத்திரம், பிரஷர் குக்கர், அடுப்பு, எரிபொருள் 55. ஆளுக்கு ஒரு நாளைக்கு 900 கிராம் வீதம் உணவுப் பொருள் 50. பணியாளர்களின் உடைமைகள் 30. குதிரைக்கான பார்லி, சேணச் சாமான், குதிரைக்காரரின் கூடாரம் 40. மொத்தம் 270 கிலோ. இந்த உயரத்தில் ஒரு குதிரைக்கு 45 கிலோ என்பது நியாயமான சுமை. ஆக ஆறு குதிரைகள், அவசரத்துக்கு ஒன்று, மொத்தம் ஏழு.

ஐந்து குதிரையில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எதைக் குறைத்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் குறைவது பார்லிதான். மூன்றாம் நாளுக்குப் பிறகு குதிரைகள் தளர்ந்து, கணவாய் ஏறும்போது படுத்துக்கொள்ளும்.

ஒரு நாளில் எவ்வளவு நடக்க வேண்டும்?

நான்கு மணி நேரத்திலிருந்து ஏழு மணி நேரம் வரை. எங்கே தங்குவது என்பதை உங்கள் கால்கள் முடிவு செய்வதில்லை, புல்லும் தண்ணீரும்தான் முடிவு செய்கின்றன. அடுத்த முகாமை அரை மணி நேரம் முன்னால் தள்ளிப் போடலாமா என்று கேட்டால் வழிகாட்டி தலையசைக்க மறுப்பதற்கு இதுவே காரணம். அங்கே புல் இருக்காது. இந்த நடையில் பல கேள்விகளுக்கு விடை குதிரைப் பக்கம்தான் இருக்கிறது.

வழக்கமான வழி இப்படிப் போகும். முதல் நாள் ரும்ட்சேயிலிருந்து (சுமார் 4,150 மீ) கியாமார் முகாம் (சுமார் 4,400 மீ), எளிய நாள். இரண்டாம் நாள் கியாமார் லா, மண்டல்சன் லா என இரு கணவாய்களைக் கடந்து டிசாலிங். இரண்டுமே 5,000 மீட்டருக்கு மேல். உயரத்துக்கு உடல் பழகிவிட்டதா என்பது அன்று தெரிந்துவிடும். மூன்றாம் நாள் ஷிபுக் லா ஏறி இறங்கினால் சோ கார் ஏரி கண்ணில் படும். ஏரிக்கு அருகே பொங்கனாகு முகாம். நான்காம் நாள் ஏரியைச் சுற்றிக்கொண்டு நுருச்சென். ஏற்றமே இல்லை, ஆனால் நிழலும் இல்லை. ஐந்தாம் நாள் ஹோர்லாம் கோங்கா லா வழியாக ராஜுங் காரு. ஆறாம் நாள் கியாமாயுரி லா (சுமார் 5,400 மீ) உட்பட இரண்டு ஏற்றங்கள், இரவு கியாமா. ஏழாம் நாள் யாலுங் நியாவ் லா, அதுவும் 5,400 மீட்டரைத் தொடுவது. அங்கிருந்து கோர்சோக் பூ மேய்ச்சல் நிலம் வழியாகக் கோர்சோக்குக்கு நீண்ட இறக்கம்.

இந்தப் பெயர்களை வெவ்வேறு வரைபடங்கள் வெவ்வேறு விதமாக எழுதும். உயரங்களும் ஐம்பது, நூறு மீட்டர் மாறி வரும். அதற்காகக் குழம்ப வேண்டாம்.

லேயில் எத்தனை நாள் இருந்துவிட்டுக் கிளம்ப வேண்டும்?

சென்னையிலிருந்து டெல்லி வழியாக விமானத்தில் வருபவர், கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் 3,500 மீட்டருக்கு வந்து இறங்குகிறார். குறைந்தது மூன்று முழு நாட்கள் லேயில் இருங்கள். முதல் நாள் ஓய்வு மட்டும். கடைத்தெரு சுற்றுவதைக்கூட மறுநாளுக்குத் தள்ளிப் போடுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. லேயிலிருந்து நேரே கியாமார் போனால் அது 900 மீட்டர் தாவல். ரும்ட்சேயும் லேயைவிட சுமார் 650 மீட்டர் மேலேதான். ஆனாலும் அங்கே ஓர் இரவு தங்கிவிட்டுக் கிளம்பினால் தாவல் இரண்டாகப் பிரியும், அதுவே நல்லது. பல நிறுவனங்கள் ஒரு நாளை மிச்சப்படுத்த அந்த இரவை வெட்டிவிடுகின்றன. முன்பதிவின்போதே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய்க்குத் தடுப்பாக அசெட்டசோலமைடு மாத்திரையைப் பலர் எடுக்கிறார்கள். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, ஏற்றத்துக்கு முந்தைய நாளிலிருந்து. சல்பா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. விரல் நுனி கூசும், சிறுநீர் அடிக்கடி போகும். இரண்டுக்கும் பயப்பட வேண்டியதில்லை.

வழியில் உயர நோய் வந்தால்?

இந்த வழியின் உண்மையான ஆபத்து கணவாயின் உயரத்தில் இல்லை. கீழே இறங்க இடம் இல்லாததில்தான் இருக்கிறது. மற்ற மலைப் பாதைகளில் உடம்பு முடியாமல் போனால் பள்ளத்தாக்கில் 1,000 மீட்டர் இறங்கிவிடலாம். ருப்ஷுவோ மேட்டுநிலம். எந்தப் பக்கம் போனாலும் 4,500 மீட்டரை ஒட்டியே இருப்பீர்கள்.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, களைப்பு இருந்தால் அது தொடக்க நிலை. அன்று ஏறக் கூடாது. அதே இடத்தில் ஓய்வெடுங்கள். 24 மணி நேரத்தில் தணியாவிட்டால் திரும்ப வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறுவது, ஈரமான இருமல், மார்பில் கொரகொரப்பு ஆகியவை நுரையீரலில் நீர் கோப்பதன் அறிகுறி. நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது மூளை வீக்கத்தின் அறிகுறி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் கொடுத்தபடியே கிளம்ப வேண்டும்.

எங்கிருந்து எப்படி வெளியேறுவது என்பதைக் கிளம்பும் முன்பே வழிகாட்டியோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாட்களில் ரும்ட்சேக்கே திரும்பலாம். சோ காரில் சாலை இருக்கிறது, துக்ஜே கிராமம் பக்கத்தில். ஆனால் அங்கிருந்து லேக்கு மணாலி சாலையில் போனால் 5,328 மீட்டர் உயரமுள்ள தக்லாங் லாவைக் கடக்க வேண்டும். மூளை வீக்கம் உள்ளவரை அவ்வளவு உயரம் ஏற்றுவது விபரீதம். போலோகோங்கா லா, பூகா, மஹே வழியாகச் சிந்து நதிப் பள்ளத்தாக்கில் இறங்கும் பாதை தூரம் அதிகம் என்றாலும் உயரம் குறைவு. ஓட்டுநர் குறுக்கு வழி என்று தக்லாங் லாவுக்கு வண்டியைத் திருப்பப் பார்ப்பார். ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். நுருச்சென் வரை சாலை எட்டும் தூரத்தில்தான். ராஜுங் காரு தாண்டிய பிறகு குதிரை ஒன்றே வழி. அதனால் ஐந்தாம் நாள் இரவு கொஞ்சமேனும் சந்தேகம் இருப்பவர் அங்கேயே திரும்பிவிடுவது நல்லது.

குதிரையில் ஏறிக்கொண்டால் உயர நோய் தெரியாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. குதிரை உழைப்பை மிச்சப்படுத்தும், காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கூட்டாது. போதாக்குறைக்கு, அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குக் குளிர் சீக்கிரம் ஏறும்.

நல்ல குதிரை, நல்ல குதிரைக்காரர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் நாள் காலை சேணம் ஏற்றும் முன் முதுகைப் பாருங்கள். வெள்ளை முடித் திட்டு இருந்தால் பழைய புண் ஆறிய தடம், பரவாயில்லை. சிவந்த, ஈரமான, முடி உதிர்ந்த இடம் இருந்தால் அந்தக் குதிரையை மாற்றச் சொல்லுங்கள். நான்கு கால்களிலும் லாடம் இருக்கிறதா, மாற்று லாடமும் ஆணியும் எடுத்து வருகிறார்களா என்று கேளுங்கள். சுமைக்கும் முதுகுக்கும் நடுவே தடித்த கம்பளி விரிப்பு கட்டாயம் இருக்க வேண்டும்.

சுமையின் இரு பக்கமும் எடை சமமாக இருப்பது மிக முக்கியம். ஒரு பக்கம் மூன்று நான்கு கிலோ கூடினாலே ஒரு மணி நேரத்தில் சேணம் சாய்ந்து, சுமை வயிற்றுக்கடியில் போய்விடும். குதிரை மிரண்டு உதைத்துக்கொண்டு ஓடும். உங்கள் பையை இன்னொருவர் பையோடு ஜோடி சேர்த்து எடை பார்ப்பது இதற்காகத்தான். எடை பார்த்த பிறகு ஜாக்கெட்டை எடுத்து வேறு பையில் திணிக்காதீர்கள். மண்ணெண்ணெய்க் கேனை உணவு மூட்டையோடு ஒரே குதிரையில் ஏற்றுவதைப் பார்த்தால் உடனே சொல்லுங்கள். ஒரு சிறு கசிவு போதும், எட்டு நாள் அரிசியும் மண்ணெண்ணெய் வாடைதான்.

இறக்கத்தில் சேணம் கழுத்துப் பக்கம் வழுக்காமல் இருக்க வாலடிக் கயிறும், ஏற்றத்தில் பின்னால் வழுக்காமல் இருக்க மார்புப் பட்டையும் வேண்டும். கணவாய் உச்சியில் குதிரைக்காரர் நின்று ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்த்தால், நல்ல கைகளில் இருக்கிறீர்கள் என்று பொருள்.

காலையில் குதிரைகளைக் காணோம் என்கிறார்களே, ஏன்?

இரவில் குதிரைகளை மேயவிடுவார்கள். எட்டு நாளுக்கும் முழுத் தீவனம் சுமந்து வர முடியாது. பார்லி துணை உணவுதான், வயிறு நிறைவது புல்லில். முன்னங்கால் இரண்டையும் தளர்வாகப் பிணைத்து விட்டாலும் தத்தித் தத்தி மூன்று நான்கு கிலோமீட்டர் போய்விடும். பெரும்பாலும் நல்ல புல் இருக்கும் பக்கம், சில சமயம் சொந்த ஊர் இருக்கும் பக்கம். குதிரைக்காரர் விடிவதற்கு முன்பே தேடிக் கிளம்பிவிடுவார். ஒரு மணி நேரத்தில் வரலாம், நண்பகலும் ஆகலாம். நண்பகல் ஆனால் அன்று பெரிய கணவாய் ஏறக் கூடாது. மதியத்துக்கு மேல் காற்று வலுக்கும், சில நாள் பனித்தூறலும் வரும். அதனால் பயணத் திட்டத்தில் ஓர் உபரி நாளை வையுங்கள். கோர்சோக்கிலிருந்து திரும்பும் நாளுக்கு அடுத்த காலையே விமானச் சீட்டு எடுப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கலாம்.

சவாரிக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

குதிரைக்குப் பின்னால் போகாதீர்கள், நிற்காதீர்கள். சுமை ஏற்றும் காலை நேரத்தில்தான் உதை அதிகம் விழும். எப்போதும் முன்புறமாக, அது பார்க்கும்படி, இடப்பக்கம் வாருங்கள். சரிவில் மேட்டுப் பக்கம் நின்று ஏறுங்கள். அங்கவடிக்குள் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) முன்பாதம் மட்டும் போகட்டும். கால் முழுவதும் நுழைந்திருந்தால் விழும்போது இழுபடுவீர்கள். கடிவாளக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். ஏற்றத்தில் முன்னால் சாயுங்கள், ஓடையில் கயிற்றைத் தளரவிடுங்கள், வழியை அதுவே பார்த்துக்கொள்ளும். காற்றில் படபடக்கும் பிளாஸ்டிக் மழைக்கோட்டை குதிரை மேல் உட்கார்ந்து அணிய முயல வேண்டாம். அமைதியான குதிரையையும் மிரள வைப்பது அதுதான்.

எந்த மாதம் போகலாம்?

ஜூன் பிற்பாதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. ஜூன் தொடக்கத்தில் கணவாய்களில் பனி மிஞ்சியிருக்கும். மனிதர் கடந்துவிடுவார், சுமையோடு வரும் குதிரை வயிறு வரை புதைந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் புல் நன்றாக இருக்கும், அதனால் குதிரைகளும் நன்றாக இருக்கும். இமயத்தின் மழை மறைவுப் பகுதி என்பதால் பருவமழை பெரிதாகத் தாக்காது, ஆனால் ஒன்றிரண்டு நாள் தூறும். செப்டம்பரில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும்; இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 5 முதல் 10 டிகிரி வரை இறங்கும்.

அனுமதிச் சீட்டு வேண்டுமா?

எல்லையோரப் பகுதிகளுக்குச் செல்ல இந்தியக் குடிமக்கள் வாங்க வேண்டியிருந்த உள்எல்லை அனுமதி (இன்னர் லைன் பெர்மிட்) 2021-ல் நீக்கப்பட்டது. சுற்றுச்சூழல் கட்டணத்தை இணையத்தில் செலுத்தி, ரசீதையும் அடையாள அட்டையையும் அச்சிட்டு வையுங்கள். சோதனைச் சாவடியில் கைபேசியில் காட்டலாம் என்று நம்பியிருக்க வேண்டாம், அங்கே சிக்னல் இராது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதி தேவை. லேயில் பதிவு பெற்ற பயண முகவர் மூலமாகத்தான் அதை வாங்க முடியும். கனடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்து வரும் ஓசிஐ அட்டைக்காரர்கள் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்), அட்டை இருப்பதால் இது வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த விஷயத்தில் அவர்களும் வெளிநாட்டவரே.

கைபேசி வேலை செய்யுமா?

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு லேயில் கிடைக்கும், வழியில் கிடைக்காது. அனுமதியில்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசி கொண்டுவருவது இந்தியாவில் குற்றம். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவிகளுக்கும் இதே நிலைதான். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் விமான நிலையத்திலேயே சிக்கிக்கொள்கிறார்கள்.

சாப்பாடு எப்படி? சைவம் கிடைக்குமா?

தாராளமாக. சோறு, பருப்பு, காய்கறி, சப்பாத்தி, துக்பா எனப்படும் நூடுல்ஸ் சூப் என்று போகும். 4,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாமல் சோறு நடுவில் வேகாது, துவரம் பருப்பு வேகவே வேகாது. மைசூர் பருப்பும் பாசிப்பருப்பும் எரிபொருளை மிச்சப்படுத்தும். காய்கறி ஐந்தாம் நாளோடு தீர்ந்துவிடும். பிறகு முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, வெங்காயம்தான். பசி மந்திக்கும் உயரத்தில் பழகிய சுவை பெரிய உதவி: ஊறுகாய், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் ஒரு சிறு டப்பா எடுத்து வாருங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம்.

சாங்பா கூடாரத்தில் உப்பு போட்ட வெண்ணெய்த் தேநீரும் வறுத்த பார்லி மாவும் தருவார்கள். நம் சத்துமாவைப் பிசைவதுபோல மாவைத் தேநீரில் பிசைந்து சாப்பிடலாம். கோப்பை குறையக் குறைய நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கோப்பையை நிறைந்தபடியே விட்டுவிட்டு, கிளம்பும்போது குடியுங்கள்.

குடிதண்ணீர்?

முகாம்களில் ஊற்றோ ஓடையோ இருக்கும். கால்நடை மேயும் நிலம் என்பதால் கொதிக்க வைத்தோ வடிகட்டியோ மட்டுமே குடிக்கவும். சோ கார் உப்பேரி, சாங்பாக்கள் முன்பு உப்பு எடுத்த ஏரி. நான்காம் நாள் அதன் ஓரமாகவே நடந்தாலும் ஒரு வாய் குடிக்க முடியாது. அன்று காலையிலேயே ஆளுக்கு மூன்று லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள்.

பையில் என்ன வைக்க வேண்டும்?

பை துணியாலான உருளைப் பையாக இருக்கட்டும். சக்கரப் பெட்டியைக் குதிரையில் கட்ட முடியாது, மூலை குத்திப் புண்ணாகும். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுக்குங்கள். குதிரை ஓடையில் படுத்துவிடுவதும் உண்டு. பூஜ்ஜியத்துக்குக் கீழே 10 டிகிரி தாங்கும் தூக்கப் பை, இறகு ஜாக்கெட், கம்பளி உள்ளாடை, காற்றுத் தடுப்பு மேலாடை, பழகிய காலணி, ஓடை கடக்கச் செருப்பு, நல்ல கறுப்புக் கண்ணாடி, உதட்டுக் களிம்பு, தலைவிளக்கு. தண்ணீர், மழைக்கோட்டு, ஒரு கம்பளி உடை, மருந்து ஆகியவை உங்கள் தோள் பையில் இருக்க வேண்டும். குதிரைகள் உங்களைத் தாண்டிப் போய்விடும். மாலை வரை உருளைப் பையைப் பார்க்க முடியாது.

மக்களோடு எப்படிப் பழக வேண்டும்?

வணக்கம், நன்றி, போய் வருகிறேன் எல்லாவற்றுக்கும் 'ஜூலே' போதும். குதிரைக்காரர் உங்களைவிட மூத்தவர் என்றால் 'அச்சோ லே', அண்ணா என்பதுபோல. மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய மணிக்கல் சுவர், சோர்ட்டன் என்னும் பௌத்தத் தூபி எதுவானாலும் அது உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கடந்து செல்லுங்கள். கணவாய் உச்சியில் கொடிகள் கட்டிய கற்குவியல் மேல் ஏறிப் படமெடுக்காதீர்கள். சாங்பா கூடாரத்தை நெருங்கும்போது தொலைவிலிருந்தே குரல் கொடுத்து, யாராவது வெளியே வரும்வரை நில்லுங்கள். அவர்கள் நாய்கள் ஓநாயை விரட்டப் பழகியவை.

பறவை, விலங்கு?

கியாங் என்னும் காட்டுக் கழுதைகள் சோ கார் சமவெளியில் கூட்டமாக நிற்கும். கருங்கழுத்துக் கொக்குகள் இங்கே இனப்பெருக்கம் செய்கின்றன. சோ மோரிரி 2002-லும் சோ கார் 2020-லும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. ஏரிக்கரைப் புல்வெளியில் கூடு இருக்கும். குதிரையையோ உங்களையோ அதற்குள் விடக் கூடாது.

கட்டணத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

குதிரை திரும்பிப் போகும் நாட்களை. கோர்சோக்கில் நீங்கள் ஜீப் ஏறி, மஹே வழியாக ஏழெட்டு மணி நேரத்தில் லே போய்விடுவீர்கள். குதிரைகள் அதே மலைகளை மறுபடி நடந்துதான் ஊர் சேர வேண்டும். அந்த நாட்களுக்கும் கூலி உண்டு. மலிவான விலைப்பட்டியலில் இது விடுபட்டிருக்கும், கடைசி மாலையில் தகராறாக வெளிவரும். ஒப்பந்தத்தில் குதிரை எண்ணிக்கை, ஒரு குதிரைக்கான நாள் கூலி, திரும்பும் நாட்கள், குதிரைகளால் தாமதமானால் அந்த நாளின் செலவு யாருடையது என்ற நான்கும் எழுத்தில் இருக்கட்டும். காப்பீடு எடுப்பவர்கள் உயர வரம்பைப் படியுங்கள். 5,500 மீட்டர் வரை செல்லுபடியாக வேண்டும். அன்பளிப்பை வழிகாட்டியிடம் மொத்தமாகத் தராமல் குதிரைக்காரர், சமையல்காரர் கைகளில் தனித்தனியே கொடுங்கள். அதுவும் கோர்சோக் வந்த அன்று மாலையே. மறுநாள் நீங்கள் எழும்போது குதிரைக்காரர் கிளம்பியிருப்பார்.